உடன்படிக்கையைக் காக்கிற தேவன்: ஆதியாகமம் 15, சங்கீதம் 89 பற்றி வாலிபர் வகுப்புக்கு யோசனை தேவை

ஒலிவமரம்

ஸ்தோத்திரம். சபையில் 18 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு சனிக்கிழமை மாலை வேதபாடம் எடுக்க வேண்டும். ஒரு மணி நேரம், நான்கு வாரம். தலைப்பு கொடுத்துவிட்டார்கள்: 'உடன்படிக்கையைக் காக்கிற தேவன்'.

பிள்ளைகள் எல்லாரிடமும் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாங்கிய வாக்குத்தத்த அட்டை இருக்கிறது. பாதிப் பேர் கையில் எரேமியா 29:11, மீதிப் பேர் கையில் 'வாலாக்காமல் தலையாக்குவார்'. நவம்பர் வந்ததும் 'ஒண்ணும் நடக்கலையே, அப்போ தேவன் வாக்கு மாறுவாரா?' என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வியைத் தவிர்க்காமல் பாடம் எடுக்க விரும்புகிறேன்.

ஆதியாகமம் 15-ல் மிருகங்களைத் துண்டிப்பதை எப்படி விளக்குவது? ஆபிரகாம் உடன்படிக்கைக்கு நிபந்தனை உண்டா, இல்லையா? சங்கீதம் 89:39-ல் 'உடன்படிக்கையை ஒழித்துவிட்டீர்' என்று வேதமே சொல்கிறதே, அதை எப்படி எடுப்பது? எந்த வாக்குத்தத்தம் நமக்குரியது என்று பிள்ளைகள் தாங்களே பார்த்துக்கொள்ள எளிய வழி ஏதாவது உண்டா?

'விசுவாசிங்க, நடக்கும்' என்ற பதில் மட்டும் வேண்டாம்.

---

மம்ரே

ஆதியாகமம் 15-ஐப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றதற்கு என்னைவிட நன்றாகச் சொல்பவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

வகுப்பை 6-ம் வசனத்தோடு முடித்துவிடாதீர்கள். 'அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார்' என்பது எல்லாருக்கும் மனப்பாடம். ஆனால் 8-ம் வசனத்தில் அதே மனிதன், 'நான் அதைச் சுதந்தரித்துக்கொள்வேன் என்று எதினால் அறிவேன்' என்று கேட்கிறான். விசுவாசித்த பிறகுதான் இந்தக் கேள்வி. தேவன் கடிந்துகொள்ளவில்லை. பதிலாகக் கொண்டுவரவேண்டிய மிருகங்களைச் சொல்கிறார். உறுதி கேட்பது அவிசுவாசம் என்று வீட்டில் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு இந்த இடத்திலேயே ஒரு பாரம் இறங்கும்.

அடுத்து, பலகையில் வரைந்து காட்டுங்கள். மூன்று வயதுக் கிடாரி ஒன்று, மூன்று வயது வெள்ளாடு ஒன்று, மூன்று வயது ஆட்டுக்கடா ஒன்று, ஒரு காட்டுப்புறா, ஒரு புறாக்குஞ்சு. முதல் மூன்றையும் நடுவாகப் பிளந்து எதிரெதிரே வைத்தால் ஆறு துண்டங்கள். பறவைகளைப் பிளக்கவில்லை (10-ம் வசனம்). நடுவில் ஒரு பாதை. மூன்று வயது என்றால் நன்றாக வளர்ந்த, விலையுள்ள மிருகம்; இது சின்னச் சடங்கு அல்ல என்பது அதிலேயே தெரியும்.

அந்தப் பாதையில் ஏன் நடப்பார்கள் என்பதற்கு வேதத்திலேயே விளக்கம் உண்டு: எரேமியா 34:18–20. சிதேக்கியாவின் காலத்தில் எருசலேம் பிரபுக்கள் கன்றுக்குட்டியைத் துண்டித்து அதன் நடுவே நடந்து, அடிமைகளை விடுதலை செய்வதாக உடன்படிக்கை பண்ணினார்கள். பிறகு விட்டவர்களைத் திரும்பவும் பிடித்து அடிமையாக்கினார்கள். அவர்களுடைய பிரேதங்கள் ஆகாயத்துப் பறவைகளுக்கு இரையாகும் என்று தேவன் சொல்கிறார். வாக்கை மீறினால் இந்த மிருகத்துக்கு நடந்தது எனக்கு நடக்கட்டும் என்பதே அந்த நடையின் பொருள். வேதத்துக்கு வெளியேயும் இதற்குச் சாட்சி உண்டு. சிரியாவில் அலெப்போ நகருக்கு அருகே செஃபிரே என்ற இடத்தில் கிடைத்த கி.மு. 8-ம் நூற்றாண்டு அரமாயிக் கல்வெட்டு ஒன்று ஓர் ஒப்பந்தம். இந்தக் கன்று வெட்டப்படுவதுபோல ஒப்பந்தத்தை மீறுகிற ராஜாவும் வெட்டப்படட்டும் என்ற சாபம் அதில் இருக்கிறது.

இப்போது பிள்ளைகளிடம் கேளுங்கள்: ஆதியாகமம் 15-ல் நடந்தது யார்? 12-ம் வசனத்தில் ஆபிராம் அயர்ந்த நித்திரையில் இருக்கிறான். 17-ல் புகைகிற சூளை தோன்றுகிறது, துண்டங்களின் நடுவே அக்கினிஜுவாலை கடந்துபோகிறது. ஆபிராம் கொண்டுவந்தான், பிளந்தான், பிணந்தின்னிப் பறவைகளைத் துரத்தினான், நடக்கவில்லை. சாபத்தைத் தன்மேல் எடுத்துக்கொண்டது ஒரே தரப்பு, தேவன் மட்டும்.

பறவைகள் யார், சூளை எதைக் குறிக்கிறது என்று உருவகம் தேடப்போனால் நேரம் போய்விடும். அதைவிட முக்கியமான, பலரும் தாண்டிவிடுகிற பகுதி 13 முதல் 16 வரை. அங்கே நான்கு விஷயம் இருக்கிறது. சந்ததி அந்நிய தேசத்தில் 400 வருஷம் ஒடுக்கப்படும். அதற்கு முன்பே நீ நல்ல முதிர்வயதில் மரித்து அடக்கம்பண்ணப்படுவாய். நாலாம் தலைமுறையில் இங்கே திரும்ப வருவார்கள். காரணம், எமோரியரின் அக்கிரமம் இன்னும் நிறைவாகவில்லை. தாமதம் வாக்குத்தத்தத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்தத் தாமதம் ஆபிராமின் விசுவாசக் குறைவால் வந்ததல்ல. அந்தத் தேசத்தில் இருந்த இன்னொரு ஜனத்துக்குக் கொடுக்கப்பட்ட தவணை. 'எனக்கு ஏன் தாமதம், என்னிடம் என்ன குறை' என்று தன்னையே நோண்டிக்கொண்டிருப்பவர்களிடம் இதை நிதானமாகச் சொல்லுங்கள்.

வயதுக் கணக்கையும் பலகையின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். ஆரானைவிட்டுப் புறப்படும்போது 75 (12:4). இஸ்மவேல் பிறக்கும்போது 86 (16:16). அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தில் 99. நடுவே 13 வருஷம், ஒரு வார்த்தைகூடப் பதிவாகவில்லை. ஈசாக்கு பிறக்கும்போது 100 (21:5). மரணம் 175-ல் (25:7). வாக்குத்தத்தம்பண்ணப்பட்ட தேசத்தில் அவன் பெயருக்கு வந்த நிலம் எது? மக்பேலா. எப்பெரோனிடம் 400 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கிய கல்லறை நிலம் (23:16). எபிரெயர் 11:13 'வாக்குத்தத்தம்பண்ணப்பட்டவைகளை அடையாமல்' மரித்தார்கள் என்று ஒளிக்காமல் சொல்கிறது.

400 வருஷமா, யாத்திராகமம் 12:40-ன்படி 430-ஆ என்று ஒருவராவது கேட்பார். 400 ஒரு முழு எண். 430-ஐ எகிப்தில் மட்டும் கணக்கிடுகிறவர்களும் உண்டு, கானானில் இருந்த காலத்தையும் சேர்த்து எண்ணுகிறவர்களும் உண்டு. இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள்.

---

இரண்டு_பலகை

மம்ரே எழுதியது சரி. ஆனால் அதோடு நிறுத்தினால் வகுப்பு 'அவர் மட்டும்தானே நடந்தார், நாம எப்படி இருந்தாலும் பரவாயில்லை' என்ற இடத்துக்குப் போய்விடும். போகாமலிருக்க அடுத்த வாரமே ஆதியாகமம் 17-க்கு வாருங்கள். அங்கே விருத்தசேதனம் இல்லாதவன் ஜனத்தில் இராமல் அறுப்புண்டுபோவான் (17:14). 18:19-ல் ஆபிரகாம் தன் பிள்ளைகளுக்குக் கட்டளையிட்டு நீதி நியாயம் செய்யவைப்பதும், தேவன் சொன்னது நிறைவேறுவதும் ஒரே வாக்கியத்தில் வருகின்றன. 22:16–18-ல் 'நீ என் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தபடியினால்' என்று வருகிறது.

அதனால் 'நிபந்தனை உள்ளது', 'இல்லாதது' என்று இரண்டு பெட்டி போட்டு உடன்படிக்கைகளைப் பிரிக்கும் முறையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். நோவாவுக்குக் கொடுத்தது மட்டும்தான் அந்தப் பெட்டியில் சிக்கலில்லாமல் உட்காரும்: மாம்சமான சகலத்தோடும் செய்தது, அடையாளம் வில், மனிதர் செய்யவேண்டியது என்று எதுவும் அதில் தொங்கவில்லை. மற்றவற்றில் கேட்கவேண்டிய கேள்வி வேறு. முடிவு உறுதியா என்பது ஒன்று. அந்த முடிவை இந்தத் தலைமுறை அனுபவிக்குமா என்பது இன்னொன்று. முதலாவது தேவனுடைய ஆணையில் நிற்கிறது. இரண்டாவதில் ஜனங்களின் நடக்கைக்கு இடமுண்டு.

இதற்கு எண்ணாகமம் 14-ஐவிடத் தெளிவான பாடம் கிடையாது. காதேசில் முறுமுறுத்தவர்களில் 20 வயதும் அதற்கு மேலும் எண்ணப்பட்டவர்கள் வனாந்தரத்தில் விழுவார்கள். காலேபும் யோசுவாவும் மட்டும் விலக்கு. வேவு பார்த்த 40 நாளுக்கு 40 வருஷம். தேசம் கிடைத்ததா? கிடைத்தது, அவர்களுடைய பிள்ளைகளுக்கு. யோசுவா 21:45 'ஒரு வார்த்தையும் தவறிப்போகவில்லை' என்று சொல்லும்போது, அந்தத் தலைமுறை முழுவதும் மண்ணுக்குள் போயிருந்தது. தேவன் உண்மையுள்ளவர் என்பதும் அவர்கள் இழந்துபோனார்கள் என்பதும் ஒன்றாகவே நிற்கின்றன.

தாவீதின் உடன்படிக்கையும் இதே அமைப்பு. 2 சாமுவேல் 7:14-ல் அக்கிரமம் செய்தால் தண்டிப்பேன். 15-ல் என் கிருபையை விலக்கமாட்டேன். அடுத்தடுத்த வசனங்கள். பிரசங்கத்தில் 15, 16 மட்டும் வாசித்துவிட்டு 14-ஐ விட்டுவிடுவதால்தான் 1 இராஜாக்கள் 9:4–7 வரும்போது முரண்பாடு மாதிரி தெரிகிறது.

சீனாயில் மட்டும் இரு தரப்பும் வாய் திறக்கிறார்கள். ஜனங்கள் 'கர்த்தர் சொன்னபடியெல்லாம் செய்வோம்' என்கிறார்கள். மோசே இரத்தத்தைத் தெளிக்கிறான் (யாத்திராகமம் 24:7–8). மலையில் அவன் இருந்த 40 நாளுக்குள் பொன் கன்றுக்குட்டி வந்துவிட்டது. அப்போது மோசே எதைப் பிடித்து ஜெபிக்கிறான் என்று பாருங்கள் (32:13). 'செய்வோம்' என்று ஜனங்கள் சொன்னதை அவன் எடுக்கவில்லை. ஆபிரகாமுக்கும் ஈசாக்குக்கும் இஸ்ரவேலுக்கும் 'உம்மைக்கொண்டு' ஆணையிட்டதை நினைத்தருளும் என்கிறான். விழுந்துபோனவனுக்கு ஜெபிக்க ஓர் இடம் இருக்கிறதென்றால், அந்த இடம் அதுதான்.

இன்னொன்று. பாபிலோன் சிறையிருப்பை 'வாக்குத்தத்தம் தோற்றுப்போன சம்பவம்' என்று சொல்லித்தராதீர்கள். லேவியராகமம் 26-லும் உபாகமம் 28-லும் மீறினால் என்ன ஆகும் என்று முன்பே எழுதியிருக்கிறது. தானியேல் 9:11–12-ல் மோசேயின் நியாயப்பிரமாணத்தில் எழுதியிருக்கிற சாபம் எங்கள்மேல் ஊற்றப்பட்டது, அவர் தம்முடைய வார்த்தையை நிறைவேற்றினார் என்று ஜெபிக்கிறான். தண்டனையும் சொன்ன சொல்லைக் காத்ததுதான். அதே லேவியராகமம் 26-ன் 44, 45-ம் வசனங்களில், சத்துருக்களின் தேசத்தில் இருக்கும்போதும் உடன்படிக்கையை அவமாக்கமாட்டேன் என்றும் இருக்கிறது.

---

ஏத்தானின்_வீணை

சங்கீதம் 89-க்கு ஒரு முழு வாரம் கொடுங்கள். பாதி வகுப்பில் முடிக்கப் பார்த்தால் 1-ம் வசனத்தைப் பாட்டாகப் பாடிவிட்டு எழுந்துபோவதுதான் நடக்கும்.

மொத்தம் 52 வசனம். 1 முதல் 18 வரை துதி. 19 முதல் 37 வரை தாவீதுக்குச் சொன்ன வாக்கு, தேவனுடைய வாயின் வார்த்தையாகவே. 38-ல் 'ஆனாலும்' என்று திரும்புகிறது. 51 வரை முறையீடு. இரண்டு பேரை எதிரெதிரே நிற்கவைத்து, ஒருவர் வாக்கையும் மற்றவர் முறையீட்டையும் மாறி மாறி வாசிக்கட்டும். 20-க்கு எதிரே 38: அபிஷேகம்பண்ணினவர், அபிஷேகம்பண்ணப்பட்டவன்மேல் உக்கிரமானார். 23-க்கு எதிரே 42: சத்துருக்களை மடங்கடிப்பேன் என்றவர், சத்துருக்களின் வலதுகையை உயர்த்தினார். 34-க்கு எதிரே 39: உடன்படிக்கையை மீறாமலிருப்பேன் என்றவர், அதை ஒழித்துவிட்டார். 36-க்கு எதிரே 44: சூரியனைப்போல நிலைநிற்கவேண்டிய சிங்காசனம் தரையிலே கிடக்கிறது. இந்தச் சங்கீதக்காரன் ஏத்தான் வாக்குத்தத்தத்தை வரிவரியாகத் திறந்துவைத்துக்கொண்டு முறையிடுகிறான். மேலோட்டமாகப் படித்தவனுக்கு இப்படி முறையிட வராது.

38 முதல் 45 வரை, 41-ம் வசனம் தவிர, ஏறக்குறைய எல்லா வினைக்கும் எழுவாய் 'நீர்'. பாபிலோன் என்ற பெயரே இல்லை. தேவன்மேல் பழிபோடுகிற மாதிரி தோன்றும், வகுப்பில் யாராவது முகம் சுளிப்பார்கள். அவர்களை எண்ணாகமம் 14-க்குத் திருப்புங்கள். அங்கே ஜனங்கள் தேவனைப் பற்றித் தங்களுக்குள் பேசி, எகிப்துக்குத் திரும்ப ஒரு தலைவனை ஏற்படுத்தப் பார்க்கிறார்கள். இங்கே ஒருவன் தேவனிடமே பேசுகிறான், அவர் சொன்னதையே எடுத்துக் காட்டுகிறான், வேறு எங்கும் போகவில்லை. முறுமுறுப்புக்கும் முறையீட்டுக்கும் அதுதான் வித்தியாசம்.

ஒரு எச்சரிக்கை. 52-ம் வசனத்து 'ஸ்தோத்திரம், ஆமென், ஆமென்' முறையீட்டுக்கு வந்த பதில் அல்ல. சங்கீத புத்தகத்தின் மூன்றாம் பாகம் அங்கே முடிகிறது. ஒவ்வொரு பாகத்தின் கடைசியிலும் இப்படி ஒரு துதி உண்டு (41, 72, 106 பாருங்கள்). 49-ம் வசனத்துக் கேள்வி, 'உமது பூர்வகால கிருபைகள் எங்கே' என்பது, சங்கீதத்துக்குள் பதில் இல்லாமலே நிற்கிறது. அவசரப்பட்டு அந்த வாரமே பதில் சொல்லிவிடாதீர்கள்.

பதிலுக்கு இன்னொரு வாரம் வேண்டும். அதற்கு வரலாறு: கி.மு. 597-ல் யூதாவின் ராஜா யோயாக்கீன் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்படுகிறான். பத்துப் பதினோரு வருஷம் கழித்து நகரமும் ஆலயமும் விழுகின்றன. சிதேக்கியாவின் மகன்கள் அவன் கண்முன் வெட்டப்படுகிறார்கள் (2 இராஜாக்கள் 25:7). தாவீதின் வம்சம் முடிந்தது என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் இராஜாக்கள் புத்தகத்தின் கடைசி நான்கு வசனங்களில், சிறையிருப்பின் 37-ம் வருஷம் யோயாக்கீன் சிறையிலிருந்து விடப்பட்டு ராஜாவின் பந்தியில் சாப்பிடுகிறான். பாபிலோன் அகழாய்வில் கிடைத்து 1939-ல் வெளியிடப்பட்ட களிமண் பலகைகளில் யூதாவின் ராஜாவுக்கும் அவனுடைய ஐந்து மகன்களுக்கும் அளந்து கொடுத்த எண்ணெய்க் கணக்கு இருக்கிறது. அரண்மனைக் கணக்கர் ஒருவர் எழுதிய பட்டுவாடாக் குறிப்பு. தாவீதின் வம்சம் உயிரோடு இருந்ததற்கு அதுவும் ஒரு சாட்சி.

அதே வம்சத்தில் செருபாபேல் (1 நாளாகமம் 3:17–19). எரேமியா 22:24-ல் கோனியா (யோயாக்கீனின் இன்னொரு பெயர்; எகொனியா என்பதும் அவனே) முத்திரைமோதிரமாயிருந்தாலும் கழற்றி எறிவேன் என்றவர், ஆகாய் 2:23-ல் செருபாபேலை முத்திரைமோதிரமாக வைப்பேன் என்கிறார். ஆனாலும் செருபாபேல் தேசாதிபதிதான், ராஜா இல்லை. சிங்காசனம் 500 வருஷத்துக்கு மேல் காலியாகவே இருந்தது. மத்தேயு 1-ன் பெயர்ப் பட்டியலில் எகொனியா, சலாத்தியேல், செருபாபேல் என்று வாசித்துக்கொண்டே வந்து, லூக்கா 1:32–33-க்குத் திருப்புங்கள். 'அவருடைய பிதாவாகிய தாவீதின் சிங்காசனத்தை' என்ற சொற்களுக்கு எவ்வளவு எடை இருக்கிறதென்று 89-ஐப் படித்தவர்களுக்கு நீங்கள் சொல்லவேண்டியதில்லை.

வகுப்பின் கடைசி 15 நிமிடம் பிள்ளைகள் சொந்தமாக ஒரு முறையீடு எழுதட்டும். கர்த்தரை அழைப்பது ஒரு வரி. அவர் சொன்னதை வசன எண்ணோடு இரண்டு வரி. இப்போது கண்ணுக்குத் தெரிகிறது என்ன என்று நான்கு வரி. கேட்பது ஒரு வரி. வாசித்துக் காட்டச் சொல்லவேண்டாம். இரண்டாவது பகுதியில்தான் பலரும் தடுமாறுவார்கள்: தேவன் உண்மையில் சொல்லாத ஒன்றை எழுதப்போய், வசன எண் கிடைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தடுமாற்றமே அடுத்த வார பாடத்துக்குக் கதவு.

---

ஒலிவமரம்

மூவருக்கும் நன்றி. நான் நினைத்ததைவிட நிறையவே கிடைத்தது. கடைசிக் கேள்விதான் பாக்கி. எரேமியா 29:11 அட்டையை வைத்திருக்கிற பிள்ளையிடம் 'அது உனக்கில்லை' என்று சொல்லிவிடலாமா? வேலை, கல்யாணம், பிள்ளைப்பேறு, சுகம் இவற்றுக்கு என்ன சொல்வது?

---

கடிதம்_சுமந்தவன்

'உனக்கில்லை' என்று சொல்லவேண்டாம் சகோதரரே. 'முதலில் யாருக்கு' என்று கேட்கவையுங்கள். பத்திரத்தில் யார் பெயர், எந்தச் சர்வே எண் என்று பார்க்காமல் நிலத்தின் அளவை மட்டும் வாசித்துச் சந்தோஷப்பட்டால் என்ன ஆகுமோ, அதுதான் அட்டை வசனத்தில் ஆகிறது.

எரேமியா 29 ஒரு கடிதம். சிதேக்கியா ராஜா பாபிலோனுக்கு அனுப்பிய இரண்டு பேர் கையில் போனது. பெறுநர், யோயாக்கீனோடு சிறைப்பட்டுப்போன ஜனங்கள். முந்தின அதிகாரத்தையும் சேர்த்து வாசியுங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் நின்று சொல்லி, எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை உடைத்தான். கேட்க இனிமையாக இருந்திருக்கும். அவன் அந்த வருஷமே ஏழாம் மாதத்தில் செத்துப்போனான். எரேமியா சொன்னது 70 வருஷம் (29:10). அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பெண் கொடுங்கள், பெண் எடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபியுங்கள் (29:5–7). கடிதத்தை வாசித்தபோது 30 வயதானவன் 70 வருஷம் முடியும்போது 100-ஐத் தொட்டிருப்பான். 11-ம் வசனத்தைக் கேட்ட பெரும்பாலானோர் அதன் நிறைவேறுதலைக் கண்ணால் பார்க்கவில்லை. இதைச் சொல்லிவிட்டு அந்த அட்டையை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லுங்கள். 'இந்த வருஷத்துக்குள்' என்பது மட்டும்தான் அதிலிருந்து போயிருக்கும். தேவன் தம் ஜனத்தை அந்நிய ஊரிலும் மறக்கவில்லை என்பது அப்படியே இருக்கும்.

70-ஐ எப்படி எண்ணுவது என்று கேட்பார்கள். ஆலயம் இடிந்த 586-லிருந்து திரும்பக் கட்டி முடிந்த 516 வரை எண்ணலாம். நேபுகாத்நேச்சாரின் கை ஓங்கிய 605-லிருந்து கோரேசின் கட்டளை வந்த 538 வரை எண்ணுகிறவர்களும் உண்டு; அப்போது ஏறக்குறைய 70. இதில் சண்டை வேண்டாம்.

தானியேல் 9:2-ஐக் கட்டாயம் எடுங்கள். எரேமியாவின் புத்தகத்தை வாசித்து 70 வருஷம் என்று அறிந்துகொண்டவன் என்ன செய்தான்? 'எப்படியும் நடந்துவிடும்' என்று படுக்கவில்லை. உபவாசித்து, இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து பாவ அறிக்கை செய்தான். ஈசாக்கும் அப்படித்தான். சந்ததி உண்டு என்ற வாக்குறுதியைச் சுமந்துகொண்டே, மலடியாயிருந்த மனைவிக்காக வேண்டுதல் செய்தான் (ஆதியாகமம் 25:21). கல்யாணம் 40-ல், பிள்ளைகள் 60-ல். வாக்குத்தத்தம் ஜெபத்தை மிச்சப்படுத்தாது.

இப்போது நீங்கள் கேட்ட வழி. எந்த வசனத்துக்கும் வரிசையாக நான்கு கேள்வி: யாரிடம் சொன்னது? எந்த உடன்படிக்கைக்குள் சொன்னது? சரியாக எதைச் சொன்னது, எந்தக் காலத்துக்கு? புதிய ஏற்பாடு இதைக் கிறிஸ்துவுக்குள் நம்மிடம் எப்படிக் கொண்டுவருகிறது? நான்காவதில் விடை வருமுன் 'ஆமென்' சொல்லவேண்டாம். 2 கொரிந்தியர் 1:20 வாக்குத்தத்தங்களெல்லாம் 'இயேசுகிறிஸ்துவுக்குள்' ஆம் என்றுதான் சொல்கிறது.

சோதித்துப் பாருங்கள். 'வாலாக்காமல் தலையாக்குவார்': சீனாய் உடன்படிக்கை, மோவாப் வெளியில் இஸ்ரவேலுக்கு, கட்டளைகளைக் கைக்கொண்டால் என்பது அதே வசனத்தில் (உபாகமம் 28:13). அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதம் 14 வசனம், சாபம் 54 வசனம். அட்டை அச்சடிக்கிறவர்கள் 15-ம் வசனத்துக்குப் போனதே இல்லை போலும். சாபத்தை நமக்காகச் சுமந்தவரைப் பற்றிச் சொல்லும் கலாத்தியர் 3:13 வழியாகத்தான் இந்த அதிகாரத்துக்குள் நாம் நுழையமுடியும். அந்த வழியாக வந்தால் பதவி உயர்வு உத்தரவாதம் கையில் கிடைக்காது, 14-ம் வசனத்தின்படி ஆபிரகாமுக்கு உண்டான ஆசீர்வாதமும் ஆவியைக்குறித்துச் சொல்லப்பட்ட வாக்குத்தத்தமும் கிடைக்கும்.

இதற்கு நேர் எதிர் உதாரணம் எபிரெயர் 13:5. 'நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை.' இது முதலில் யோசுவாவுக்குச் சொன்னது (யோசுவா 1:5). எபிரெயர் ஆசிரியர் அதைப் பண ஆசையில்லாமல் இருங்கள் என்று சபைக்குச் சொல்லும்போது எடுத்துத் தருகிறார். பாலத்தை அவரே போட்டுவிட்டார்; தயங்காமல் பிடிக்கலாம். எரேமியா 31:34-ன் 'பாவங்களை இனி நினையாதிருப்பேன்' என்பதும் அப்படியே: லூக்கா 22:20-ல் பாத்திரத்தை எடுத்து 'புதிய உடன்படிக்கை' என்கிறார், எபிரெயர் 8:12-லும் 10:17-லும் அது நமக்கென்று எழுதியிருக்கிறது. யோவான் 10:28, ரோமர் 8:38–39, பிலிப்பியர் 1:6 இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலை, கல்யாணம், பிள்ளை, சுகம் இவற்றுக்குத் தேதி போட்ட வாக்குத்தத்தம் புதிய உடன்படிக்கையில் இல்லை. அதை மழுப்பாமல் சொல்லிவிடுவது நல்லது. இவற்றுக்காகக் கேட்கலாம், விடாமல் கேட்கலாம், அழுதும் கேட்கலாம். கேட்பது விண்ணப்பம், கடன் வசூல் இல்லை. பவுல் மூன்றுதரம் கேட்டான், முள் எடுக்கப்படவில்லை, 'என் கிருபை உனக்குப்போதும்' என்ற சொல் கிடைத்தது (2 கொரிந்தியர் 12:8–9).

சுகத்தைப் பற்றிக் கூடுதலாக ஒன்று, ஏனென்றால் இதில் உயிரே போகலாம். வசனத்தைப் பிடித்துக்கொண்டு சர்க்கரைக்கோ வலிப்புக்கோ மாத்திரையை நிறுத்துவது விசுவாசம் என்று யாராவது சொன்னால், 2 இராஜாக்கள் 20-ஐத் திறவுங்கள். எசேக்கியாவுக்கு நேரடியாக, பெயர் சொல்லி, மூன்றாம் நாள் ஆலயத்துக்குப் போவாய், 15 வருஷம் கூட்டுவேன் என்று வாக்கு வந்தது. அவ்வளவு தெளிவான வாக்கு நம் யாருக்கும் கிடையாது. அதற்கு அடுத்த வசனத்திலேயே ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவையின்மேல் போடவைக்கிறான். வாக்கும் மருந்தும் ஒரே தீர்க்கதரிசியின் வாயிலிருந்து வந்தன.

---

இரண்டு_பலகை

கடிதம்_சுமந்தவன் எழுதியதோடு ஒத்துப்போகிறேன். ஒரே ஒரு சேர்க்கை: நான்கு கேள்வியை வகுப்பில் சொல்லிக்கொடுக்கும்போது முதல் மூன்றுக்கு விடை எழுதியதும் பிள்ளைகளுக்கு ஒரு ஏமாற்றம் வரும், 'அப்போ பழைய ஏற்பாட்டில் நமக்கு ஒன்றுமே இல்லையா' என்று. அந்த நேரத்தில் வகுப்பை முடித்துவிடக்கூடாது. எபிரெயர் 13:5 உதாரணத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

---

மம்ரே

வார வரிசை: முதல் வாரம் ஆதியாகமம் 15. இரண்டாம் வாரம் ஆதியாகமம் 17, எண்ணாகமம் 14. மூன்றாம் வாரம் சங்கீதம் 89. நான்காம் வாரம் எரேமியா 29, யோயாக்கீன், மத்தேயு 1, லூக்கா 22. நான்காவது வாரம் நிச்சயமாக நேரம் போதாது. முடிந்தால் அதை ஒன்றரை மணி நேரமாகக் கேட்டு வாங்குங்கள், அல்லது ஐந்தாவது வாரம் ஒன்று கேளுங்கள்.

அட்டைகளை நிறுத்தச் சொல்லிப் போராடவேண்டாம், அது பெரியவர்களோடு வீண் மனக்கசப்பு. உங்கள் சபை சி.எஸ்.ஐ. அல்லது மெதடிஸ்ட் என்றால் ஜனவரியில் உடன்படிக்கை ஆராதனை இருக்கிறதா என்று பாருங்கள். ஜான் வெஸ்லி 1755-ல் தொடங்கிவைத்த வழக்கம் அது. அங்கே ஜனங்கள் வாக்குத்தத்தம் வாங்கிக்கொண்டு மட்டும் போவதில்லை, தங்களையும் ஒப்புக்கொடுக்கிறார்கள். நான்காம் வாரப் பாடத்தை அதற்கு முந்தின சனிக்கிழமை வருமாறு வைத்தால் பொருந்தும்.

அட்டை அச்சுக்குப் போகுமுன் கமிட்டியிடம் ஒன்று மட்டும் கேளுங்கள். பின்பக்கம் காலியாகத்தானே இருக்கிறது. அந்த வசனம் வரும் அதிகாரத்தின் எண்ணையும், 'யாருக்கு எழுதப்பட்டது' என்று ஒரு வரியையும் அங்கே போடலாம். எரேமியா 29:11 அட்டைக்கு 'பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்கு. 28, 29 அதிகாரங்களை வாசிக்கவும்' என்றால் போதும். அதிகச் செலவு இல்லை. டிசம்பர் முதல் வாரத்துக்குள் சொன்னால்தான் அச்சகத்தில் மாற்றுவார்கள்.